அங்கிள் சாமின் இடுப்புச் சுற்றளவு: வாசகர் கேள்விகளும் ஆசிரியர் பதில்களும்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், 1899 ஜனவரி 25 அன்று நியூயார்க்கின் 'பக்' வார இதழில் வெளிவந்த 'பள்ளி தொடங்குகிறது' என்னும் கேலிச்சித்திரத்தை மறுபதிப்புச் செய்திருந்தோம். லூயி டால்ரிம்பிள் வரைந்த அப்படத்தில் அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் ஆசிரியராக நிற்கிறார். பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, கியூபா ஆகிய நான்கு தீவுகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட நான்கு பிள்ளைகளாக முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. அதைப் பற்றியும், அமெரிக்காவின் நிலவிரிவைக் காட்டும் பிற கேலிச்சித்திரங்களைப் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தர இயல்கிறது.

கேள்வி: படத்தின் ஓரங்களில் வேறு சில சிறுவர்களும் இருக்கிறார்களே, அவர்கள் யார்? கரும்பலகையில் எழுதியிருப்பது என்ன? அச்சில் படிக்க முடியவில்லை. (கல்லூரி மாணவி, திருச்சி)

அப்படத்தில் உற்றுப் பார்க்க வேண்டிய இடமே அந்த ஓரங்கள்தான். முன்பெஞ்சுக்குப் பின்னால் கலிபோர்னியா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, அலாஸ்கா என்று பெயர் தாங்கிய புத்தகங்களுடன் ஒழுக்கமான மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இவர்கள் 'மேல்வகுப்பு'. இடப்பக்கத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் சன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அவன் பள்ளிக்குள் இருந்தாலும் மாணவன் அல்லன். பின்னால் தனியாக அமர்ந்திருக்கும் பூர்வகுடிச் சிறுவன் அரிச்சுவடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிறான். சீனச் சிறுவன் ஒருவன் கையில் புத்தகத்தோடு வாசலுக்கு வெளியே நிற்கிறான். அவனை உள்ளே அழைப்பார் யாருமில்லை.

இவை மூன்றும் ஓவியரின் வெறும் கற்பனையல்ல. 1882இல் இயற்றப்பட்ட சட்டம் சீனத் தொழிலாளர்களின் குடியேற்றத்தைத் தடுத்திருந்தது. 1896இல் உச்ச நீதிமன்றம், தனித்தனியாகவும் ஆனால் சமமாகவும் நடத்தலாம் என்ற பெயரில், இனப்பிரிவினைக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் சேர்த்து, முடியை வெட்டி, தாய்மொழியைத் தடை செய்து 'நாகரிகப்படுத்தும்' முயற்சி 1879 முதல் நடந்துகொண்டிருந்தது. ஆக, புதிதாக வந்து சேர்ந்த நான்கு பிள்ளைகளுக்கு எத்தகைய எதிர்காலம் காத்திருக்கிறது என்பதை டால்ரிம்பிள், அறிந்தோ அறியாமலோ, அதே அறைக்குள் வரைந்து வைத்திருக்கிறார்.

கரும்பலகையின் வாசகம் இன்னும் வெளிப்படையானது. ஆளப்படுவோரின் இசைவு என்பது கோட்பாட்டளவில் நல்லதே எனினும் நடைமுறையில் அரிது; இங்கிலாந்து தன் குடியேற்றங்களின் இசைவுக்குக் காத்திராமல் ஆண்டு, உலக நாகரிகத்தைப் பெரிதும் முன்னேற்றியது; புதிய பகுதிகள் தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறும்வரை, அவை இசைந்தாலும் இசையாவிட்டாலும் அமெரிக்கா அவற்றை ஆள வேண்டும் என்பது அதன் சாரம். ஆளப்படுவோரின் இசைவிலிருந்தே அரசுகள் தம் நியாயமான அதிகாரத்தைப் பெறுகின்றன என்று 1776இல் விடுதலைப் பிரகடனம் எழுதிய நாடு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும்.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். 'மேல்வகுப்பில்' இருக்கும் ஐவரில் மூவர் அப்போது மாநிலங்களே அல்லர். நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் 1912இலும், அலாஸ்கா 1959இலும்தான் மாநிலத் தகுதி பெற்றன. கொஞ்ச காலத்தில் நீங்களும் அவர்களைப் போல இங்கே மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்று அங்கிள் சாம் புதிய மாணவர்களுக்கு வாக்களித்தபோது, நியூ மெக்சிகோ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

கேள்வி: அப்படியானால் இது ஏகாதிபத்தியத்தைக் கேலி செய்யும் படம்தானே? (வாசகர், கோயம்புத்தூர்)

இன்று பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அன்று அது அவ்வளவு எளிதாக இல்லை. அக்காலத்தில் 'பக்' இதழ் குடியரசுத் தலைவர் மெக்கின்லியின் விரிவாக்கக் கொள்கையை ஏறத்தாழ ஆதரித்தே எழுதியது. படத்தின் அடியிலுள்ள வாசகத்தில் எங்கும் நையாண்டித் தொனி இல்லை. முரண்டு பிடிக்கும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பான, ஆனால் நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர் வாய்த்திருக்கிறார் என்றே பெரும்பாலான சந்தாதாரர்கள் அதைப் பார்த்துப் புன்னகைத்திருப்பார்கள் என்பது என் கருத்து. படம் வெளிவந்த பத்தாம் நாள், பிப்ரவரி 4 அன்று, மணிலாவின் புறநகரில் அமெரிக்கப் படைக்கும் பிலிப்பைன்ஸ் விடுதலைப் படைக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை வெடித்தது. அந்தப் 'பிள்ளைகள்' 1898 ஜூன் 12 அன்றே தங்கள் நாட்டின் விடுதலையை அறிவித்திருந்தார்கள் என்பதற்குப் படத்தில் ஒரு சுவடும் கிடையாது.

கேள்வி: அமெரிக்க விரிவாக்கம் 1898இல் தொடங்கியது போலக் கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய நூறாண்டுகளை விட்டுவிட்டது முறையா? (ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், மதுரை)

ஐயா, உங்கள் கண்டனம் நியாயமானது. இடக்குறைவை ஒரு காரணமாகச் சொல்ல நான் விரும்பவில்லை. அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்த முதல் அரசியல் கேலிச்சித்திரம் என்று பொதுவாகக் கருதப்படுவதே நிலத்தகராற்றில் பிறந்ததுதான். 1754 மே 9 அன்று பென்ஜமின் ஃபிராங்க்ளின் தம் 'பென்சில்வேனியா கெசட்' இதழில், எட்டுத் துண்டுகளாக வெட்டுண்டு கிடக்கும் பாம்பின் படத்தை வெளியிட்டு, அதன் கீழே 'ஒன்று சேர், இல்லையேல் செத்துப் போ' என்று பொறித்தார். விடுதலைப் போரின் சின்னமாகவே பலரும் அதை அறிவார்கள். ஆனால் அது முதலில் அச்சானபோது பிரிட்டிஷ் மன்னரை எதிர்க்கும் எண்ணம் ஃபிராங்க்ளினுக்கு இல்லை. ஓஹையோ ஆற்றுச் சந்திப்பிலிருந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றிய செய்தியோடு சேர்த்தே அந்தப் படம் வெளியிடப்பட்டது. அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கிலுள்ள நிலம் யாருக்கு என்பதே அன்றைய சண்டை. அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்குப் பாம்பின் எட்டுத் துண்டுகளில் ஒன்றும் இல்லை.

1803இல் ஜெஃபர்சன் ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானாவை வாங்கியபோது நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அது போதாதென்று ஃபுளோரிடாவின் மீதும் கண் விழுந்தது. 1804 வாக்கில் ஜேம்ஸ் ஏகின் செதுக்கிய படமொன்றில் ஜெஃபர்சன் ஒரு நோஞ்சான் நாயாகக் காட்சி தருகிறார். நெப்போலியன் தலை கொண்ட குளவி பின்னாலிருந்து கொட்ட, அவர் இருபது லட்சம் டாலரை நாணயங்களாகக் கக்குகிறார். அருவருப்பான படம்தான். ஆனால், நிலம் வாங்குவதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை இவ்வளவு நேராகக் கேட்ட படம் பின்னாளிலும் அதிகமில்லை.

மெக்சிகோவுடனான போர் 1848 பிப்ரவரியில் குவாடலூப் ஹிடால்கோ உடன்படிக்கையோடு முடிந்து, கலிபோர்னியா உள்ளிட்ட பெருநிலம் கைமாறிய அதே ஆண்டில் தேர்தலும் வந்தது. அவ்வாண்டின் தனித்தாள் படங்களில் இரண்டை மறக்க முடியாது. ஒன்றில் விக் கட்சி வேட்பாளர், சீருடையும் இரத்தம் தோய்ந்த வாளுமாக, மண்டையோடுகளின் குவியல் மேல் அமர்ந்திருக்கிறார். மற்றதில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் லூயிஸ் காஸின் உடலே பீரங்கியாக மாறியிருக்கிறது. அவர் கையிலுள்ள வாளில், அமெரிக்கா கண்டம் முழுவதும் பரவுவது விதியின் ஆணை என்று அக்காலத்தவர் உச்சரித்த முழக்கம் எழுதியிருக்கிறது. போர் வீரர் என்ற பெயரைத் தவிர வேறு தகுதி வேண்டாமா என்று இரு கட்சிகளையும் பார்த்து ஒரே தேர்தலில் கேட்டிருக்கிறார்கள்.

இவை அனைத்திலும் கூர்மையானது, 1856இல் ஜான் மேகி வரைந்த படம் என்பேன். அடிமை முறையைப் புதிய நிலங்களில் அனுமதிக்கக் கூடாது என்ற கொள்கையுடைய ஓர் இராட்சத மனிதனை மல்லாக்கக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். குடியரசுத் தலைவர் பியர்ஸும் செனட்டர் டக்ளஸும் அவன் தாடியைப் பிடித்துக்கொள்ள, புக்கானனும் காஸும் தலைமயிரைப் பற்றி இழுக்க, அவன் தொண்டைக்குள் ஒரு கறுப்பின மனிதனைத் திணிக்கிறார்கள். அவனைக் கட்டியிருக்கும் மேடையின் பலகைகளில் 'கான்சாஸ்', 'கியூபா', 'மத்திய அமெரிக்கா' என்று எழுதியிருக்கிறது. மேற்கு நோக்கிய விரிவும் கரீபியக் கடல் மீதான ஆசையும் அடிமை உடைமையாளர்களின் கணக்கில் ஒரே வரவேடுதான் என்பதை அந்த மூன்று பெயர்களே சொல்லிவிடுகின்றன. இத்தனையிலும் திணிக்கப்படும் மனிதனின் துன்பம் ஓவியருக்குப் பொருட்டாகவே இல்லை. விழுங்க வேண்டியிருக்கும் வெள்ளையனின் சங்கடமே படத்தின் முறையீடு. இந்த ஒரு குறையைப் பின்வரும் அரை நூற்றாண்டுப் படங்களிலும் நீங்கள் காண்பீர்கள்.

கேள்வி: அலாஸ்காவை வாங்கியபோது அமைச்சர் சீவர்டைக் கேலி செய்த ஓவியர்கள் பின்னர் வெட்கப்பட்டிருப்பார்கள் அல்லவா? (வாசகர், சேலம்)

1867இல் 72 லட்சம் டாலருக்கு இரஷ்யாவிடமிருந்து வாங்கப்பட்டது அலாஸ்கா. 'ஃபிராங்க் லெஸ்லி' இதழில் சீவர்டும் குடியரசுத் தலைவர் ஜான்சனும் 'இரஷ்ய அமெரிக்கா' என்று எழுதிய பெரிய பனிக்கட்டியை வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாளில் தங்கமும் எண்ணெயும் கிடைத்ததால் கேலி தோற்றது என்று பாடநூல்கள் எழுதும். ஆனால் அப்படங்களின் குறி பனிக்கட்டி என்பதைவிட ஜான்சனே. செல்வாக்கிழந்த ஒரு தலைவர் உள்நாட்டுத் தோல்வியை மறைக்க வெளியே நிலம் வாங்குகிறார் என்பதே அவற்றின் குற்றச்சாட்டு, அதைத் தங்கச் சுரங்கம் பொய்யாக்கவில்லை.

கேள்வி: வானத்தில் மிதக்கும் வெண்ணிற ஆடைப் பெண், தந்திக் கம்பியை இழுத்துக்கொண்டு மேற்கே செல்லும் படம் கேலிச்சித்திரமா? (பள்ளி மாணவர், தஞ்சாவூர்)

இல்லை. அது 1872இல் ஜான் காஸ்ட் தீட்டிய 'அமெரிக்க முன்னேற்றம்' என்னும் சிறிய எண்ணெய் ஓவியம். பயண வழிகாட்டி நூல்களை வெளியிட்ட ஜார்ஜ் குரோஃபுட்டுக்காக வரையப்பட்டு, வண்ண அச்சாகப் பரவியது. அதில் கேலி எதுவுமில்லை; எருமைகளும் பூர்வகுடிகளும் இருளுக்குள் ஓடுவதை அது முழு மனதுடன் கொண்டாடுகிறது.

கேள்வி: அங்கிள் சாம் ஒல்லியானவர்தானே? ஒரு படத்தில் தொந்தியும் தொப்பையுமாக இருக்கிறார். ஏன்? (வாசகி, புதுச்சேரி)

நீங்கள் பார்த்தது 1900 செப்டம்பர் 5 அன்று 'பக்' இதழில் ஜே. எஸ். பியூ வரைந்த 'நன்றி, வேண்டாம்' என்ற படமாக இருக்க வேண்டும். மெக்கின்லி தையற்காரராகி, பருத்துப் போன அங்கிள் சாமுக்குப் புதுச்சட்டைக்கு அளவெடுக்கிறார். கால்சட்டையின் பட்டைகளில் லூசியானா, ஃபுளோரிடா, டெக்சாஸ், கலிபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் என்று இதுவரை விழுங்கியவற்றின் பெயர்கள் இருக்கின்றன. வாசலில் பத்திரிகை அதிபர் புலிட்சர் உள்ளிட்ட எதிர்ப்பாளர்கள், 'விரிவாக்க எதிர்ப்பு' என்னும் உடல் இளைக்கும் மருந்தைக் கரண்டியில் ஊற்றி நீட்டுகிறார்கள். நான் அதை ஒருபோதும் சாப்பிட்டதில்லை, இந்த வயதில் தொடங்கவும் போவதில்லை என்கிறார் அங்கிள் சாம்.

தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்த நிலையில் வந்த இப்படம், என் பார்வையில், விரிவாக்கவாதிகளின் மிகத் திறமையான வாதம். பிலிப்பைன்ஸ் ஒரு புதிய பாவம் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். இல்லை, இது டெக்சாஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் அடுத்த பட்டை மட்டுமே என்று பியூ பதில் சொன்னார். தூரத்தை வளர்ச்சி என்று காட்டிவிட்டால் ஆக்கிரமிப்பு என்ற சொல் தேவைப்படாது. வளரும் பிள்ளைக்கு உடை சிறுத்துப் போவது இயற்கை. அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

இதே பசியை வேறு விதமாகக் காட்டிய படமும் உண்டு. 1898 மே 28 அன்று 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் அங்கிள் சாம் உணவகத்தில் அமர்ந்து, எதை முதலில் சாப்பிடுவது என்று தெரியவில்லையே எனத் திகைக்கிறார், பரிமாறுபவர் மெக்கின்லி, உணவுப் பட்டியலில் கியூபா, போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ், ஹவாய். தேதியைப் பாருங்கள். ஸ்பெயினுடனான போர் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. போர்ட்டோ ரிக்கோவில் அமெரிக்கப் படை தரையிறங்கியது ஜூலை 25 அன்றுதான். கியூபாவைத் தன்னுடன் இணைத்துக்கொள்ளும் நோக்கம் இல்லை என்று நாடாளுமன்றம் ஏப்ரலிலேயே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் இலை போட்டாயிற்று.

கேள்வி: கியூபாவை மீட்கவே அமெரிக்கா போரில் இறங்கியது என்கிறார்கள். கேலிச்சித்திரங்களும் அதைத்தான் காட்டினவா? (ஆய்வு மாணவர், சென்னை)

போருக்கு முன்னும் பின்னும் வந்த கியூபாவின் உருவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 1898 மே 11 அன்று 'பக்' இதழில் கியூபா, அனல் பறக்கும் வாணலிக்குள் மண்டியிட்டுக் கெஞ்சும் அழகிய இளம்பெண். வாணலியின் பெயர் ஸ்பானியக் கொடுங்கோல். கீழே எரிவது அராஜகம். ஜூலை 9 அன்று 'ஜட்ஜ்' இதழில் கிராண்ட் ஹாமில்டன் வரைந்த ஸ்பெயினோ, இரத்தம் சொட்டும் கத்தியுடன், 'மெயின்' கப்பலில் மாண்ட மாலுமிகளின் கல்லறை மீது கைவைத்து நிற்கும் கொரில்லா. அக்கப்பல் பிப்ரவரி 15 அன்று ஹவானா துறைமுகத்தில் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஸ்பெயின்தான் வெடி வைத்தது என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. கப்பலுக்குள்ளேயே எழுந்த தீ காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் தலைமையில் 1976இல் வெளிவந்த ஆய்வே முடிவு செய்தது.

வெற்றிக்குப் பின் அந்தப் பெண்ணைக் காணோம். அவளது இடத்தில் கறுத்த, தடித்த உதடுகளுடைய, அழுது அடம் பிடிக்கும் ஒரு பையன் வந்துவிடுகிறான். டால்ரிம்பிளின் முன்பெஞ்சில் நீங்கள் கண்டவன் அவன்தான். இந்த மாற்றம் எட்டே மாதங்களில் நிகழ்ந்தது. மீட்கப்பட வேண்டியவளைப் பெண்ணாகவும், ஆளப்பட வேண்டியவனைக் குழந்தையாகவும் வரைவது வசதி. துப்பாக்கி ஏந்திய வயதுவந்த ஆணாக வரைந்தால் இரண்டுமே கடினமாகிவிடும். கியூபாவின் விடுதலைப் படை 1895 முதல் போராடிவந்தது; அதில் கறுப்பினத்தவர் பெருமளவில் இருந்தார்கள். 1898 ஜூலையில் சாண்டியாகோ நகரம் சரணடைந்தபோது தளபதி கலிக்ஸ்டோ கார்சியாவின் படையை அமெரிக்கர்கள் நகருக்குள் விடவில்லை. பின்னர் 1901இல், தேவைப்பட்டால் கியூபாவில் தலையிடும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு என்ற பிளாட் திருத்தத்தை அந்நாட்டின் அரசியல் சட்டத்திலேயே சேர்க்க வைத்தார்கள்.

கேள்வி: எதிர்த்து வரைந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள். (வாசகி, நாகர்கோவில்)

எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. 1898 நவம்பரில் பாஸ்டனில் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் தொடங்கியது. எழுத்தாளர் மார்க் ட்வைனும் எஃகு அதிபர் கார்னகியும் அதில் இருந்தார்கள். அக்காலத்து நகைச்சுவை இதழான 'லைஃப்' அவர்களின் பக்கம் நின்றது. பின்னாளில் புகைப்படங்களுக்குப் பெயர் பெற்ற 'லைஃப்' வேறு. 1902 மே 22 அன்று வந்த அதன் அட்டையில், அமெரிக்கச் சிப்பாய்கள் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரைக் கீழே கிடத்தி வாயில் தண்ணீரை ஊற்றி வதைக்கிறார்கள். பின்னணியில் ஐரோப்பிய அரசுகள் கூடி நின்று சிரிக்கின்றன, இனி இந்தப் பக்திமான் அமெரிக்கர்கள் நம் மீது கல்லெறிய முடியாது என்று. அதே மாதம் 5ஆம் தேதி 'நியூயார்க் ஜர்னல்' வெளியிட்ட படம் இன்னும் கொடியது. சமர் தீவில் பத்து வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் கொல்லும்படி ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் இட்ட ஆணையை அது அப்படியே வரைந்தது: கண்கள் கட்டப்பட்ட சிறுவர்கள் வரிசையாக நிற்க, எதிரே துப்பாக்கிகள், மேலே உள்ள கேடயத்தில் கழுகு இருக்க வேண்டிய இடத்தில் பிணந்தின்னிக் கழுகு. அமெரிக்கா பிலிப்பைன்ஸைக் கைப்பற்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் பிறந்ததே இவர்களின் குற்றம் என்பது அடிக்குறிப்பு. ஸ்மித் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, கண்டிப்போடும் கட்டாய ஓய்வோடும் தப்பித்தார். இந்தப் போரில் பிலிப்பைன்ஸின் பொதுமக்கள் இரண்டு லட்சம் பேராவது, பெரும்பாலும் நோயாலும் பஞ்சத்தாலும், இறந்தார்கள் என்பது வழக்கமாகத் தரப்படும் மதிப்பீடு.

ஆனால் எதிர்ப்பாளர்கள் எல்லாரையும் நம் தோழர்களாகக் கொண்டாடிவிடக் கூடாது. அவர்களில் பலரது அச்சம், கறுத்தவர்களும் பழுப்பு நிறத்தவர்களும் குடியரசுக்குள் வந்துவிடுவார்களே என்பதுதான். தென் கரோலினாவின் செனட்டர் டில்மன், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்ததைப் பெருமையாகப் பேசியவர். அவரே பிலிப்பைன்ஸ் இணைப்பை எதிர்த்து முழங்கினார். அந்தத் தரப்பின் படங்கள் பலவற்றில் அங்கிள் சாமின் கையில் ஓலமிடும் கறுப்புக் குழந்தைகளைத் திணித்து, இந்தச் சுமை உனக்கு எதற்கு என்று கேட்டார்கள். ஆதரித்தவர் பள்ளிக்கூடத்தில் வைத்த அதே பிள்ளையை எதிர்த்தவர் வாசலில் கிடத்தினார். பிள்ளை பிள்ளையாகவே இருந்தது. எனவே இப்படங்களைப் பார்க்கும்போது அங்கிள் சாம் புகழப்படுகிறாரா, இகழப்படுகிறாரா என்பதை இரண்டாவதாகவே கவனிக்கிறேன். கைப்பற்றப்பட்டவர் எந்த வயதில், எந்த நிறத்தில், எந்த ஆடையில் வரையப்பட்டிருக்கிறார் என்பதே எனக்கு முதல் கேள்வி.

கேள்வி: இப்படங்களில் இந்தியா வருகிறதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

வருகிறது. 1899 பிப்ரவரியில் ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங், பிலிப்பைன்ஸை ஏற்குமாறு அமெரிக்காவைத் தூண்டி 'வெள்ளையனின் சுமை' என்ற கவிதையை வெளியிட்டார். ஏப்ரல் 1 அன்று 'ஜட்ஜ்' இதழில் விக்டர் கில்லம் அதைப் படமாக்கினார்: அறியாமை, மூடநம்பிக்கை, காட்டுமிராண்டித்தனம் என்று பெயரெழுதிய பாறைகள் மீது பிரிட்டனின் உருவகமான ஜான் புல் முன்னே ஏறுகிறார், அவர் முதுகுக் கூடையில் இந்தியா, எகிப்து, சூடான். பின்னே தள்ளாடி வரும் அங்கிள் சாமின் கூடையில் பிலிப்பைன்ஸ், கியூபா, ஹவாய் முதலியன. இதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, மார்ச் 16 அன்று, 'லைஃப்' இதழில் வில்லியம் வாக்கர் நிலைமையைத் தலைகீழாக்கியிருந்தார். அவரது படத்தில் வல்லரசுகள் ஒய்யாரமாக அமர்ந்திருக்க, அவற்றை முதுகில் சுமந்து நடப்பவர்கள் அடிமைப்பட்ட மக்கள். கில்லமின் படமே புகழ் பெற்றது. உண்மையைச் சொன்னது வாக்கருடையது.

கேள்வி: பனாமா கால்வாய் பற்றி ஏதேனும் படம்? (வாசகர், திண்டுக்கல்)

1903 நவம்பர் 3 அன்று பனாமா, அமெரிக்கப் போர்க்கப்பலின் நிழலில், கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. பதினைந்தே நாளில் கால்வாய் உடன்படிக்கை கையெழுத்தானது. விலை ஒரு கோடி டாலரும் ஆண்டுக்கு இரண்டரை லட்சமும். 'நியூயார்க் ஹெரால்ட்' இதழில் டபிள்யூ. ஏ. ராஜர்ஸ் வரைந்த படத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் மண்வெட்டியால் கால்வாய் தோண்டி, அள்ளிய மண்ணைக் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் மேல் வீசுகிறார். அதே ராஜர்ஸ் 1904இல், ரூஸ்வெல்ட் தோளில் பெரிய தடியுடன் கரீபியக் கடலைக் குளம் போல் கடந்து, போர்க்கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துப் போவதாக வரைந்தார். எளிமைக்காகவே இவை பாடநூல்களில் நிலைத்துவிட்டன. எனக்குப் பிடித்தது அவ்வாண்டு ஜூன் 29 அன்று 'பக்' இதழில் வந்த கழுகு. 1898இல் 'ஃபிலடெல்ஃபியா பிரஸ்' நாளிதழ், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மணிலாவரை பத்தாயிரம் மைலுக்குச் சிறகு விரித்த கழுகைப் பெருமிதத்துடன் வரைந்திருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், நாட்டின் 128ஆம் பிறந்தநாளில், பனாமாவில் ஒரு முனையும் பிலிப்பைன்ஸில் மறுமுனையுமாக அதே கழுகு, அப்பாடா, எவ்வளவு நீட்ட வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறது.

கேள்வி: கைப்பற்றப்பட்ட நாடுகளின் ஓவியர்கள் என்ன வரைந்தார்கள்? (கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி)

பிலிப்பைன்ஸில் விடுதலையை ஆதரித்து எழுதுவதையும் பேசுவதையும் 1901ஆம் ஆண்டின் இராஜத்துரோகச் சட்டம் குற்றமாக்கிவிட்டது; 1907இல் விடுதலைக் கொடியைக் காட்டுவதும் தடை செய்யப்பட்டது. அந்த நிலையிலும் அவ்வாண்டு மணிலாவில் 'லிபாங் கலபாவ்' என்னும் நையாண்டி இதழ் தொடங்கி, ஆள்வோரையும் அவர்களை அண்டிப் பிழைத்த உள்ளூர்த் தலைவர்களையும் படங்களால் குத்தியது. ஹவாயில் வேறொரு வழியைக் கண்டார்கள். 1897 டிசம்பர் 1 அன்று 'பக்' இதழ், அங்கிள் சாமுக்கும் ஹவாய்ப் பெண்ணுக்கும் துப்பாக்கி முனையில் திருமணம் நடப்பதாக வரைந்தது. பாதிரியார் மெக்கின்லி, பின்னால் துப்பாக்கியுடன் பதுங்கியிருப்பவர் செனட்டர் மார்கன், மணமக்கள் இருவருக்குமே விருப்பமில்லை என்பது தலைப்பு. மணமகள் எழுந்து ஓடத் துடிக்கிறாள், அவ்வளவுதான். அந்த மாதமே ஹவாயின் பூர்வகுடிகள் 21,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட எதிர்ப்பு விண்ணப்பத்தை அவர்களின் பிரதிநிதிகள் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இணைப்பு உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு போர் மும்முரத்தில், சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானமாக அதை நிறைவேற்றி, ஜூலை 7 அன்று மெக்கின்லி கையெழுத்திட்டார்.

கேள்வி: இவற்றை வண்ணத்தில் பெரிதாக எங்கே காணலாம்? (பல வாசகர்கள்)

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் 'பக்' இதழின் படங்கள் பெரும்பாலும் முழு அளவில் இருக்கின்றன. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் பள்ளிகளில் அச்சிட்டுப் பயன்படுத்தத் தடையில்லை. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், சுவரிலும் புத்தகத்தின் முதுகிலும் கூடையின் விளிம்பிலும் உள்ள சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். டால்ரிம்பிளின் வகுப்பறையில் கதவுக்கு மேலே எழுதியிருப்பதைச் சென்ற இதழின் அச்சில் எவரும் படித்திருக்க முடியாது: தென் மாநிலங்கள் தம்மை ஆள இசைய மறுத்தன, ஆயினும் அவற்றின் இசைவின்றியே ஒன்றியம் காப்பாற்றப்பட்டது.